கோமதி மேடம் திறந்த ஆறு கம்ப்யூட்டர்கள்

செய்தி வந்தபோது நான் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை. பதினொரு மணிக்கு விஷ்ராந்த்வாடியில் நம் தமிழ்ச் சங்கத்தின் செயற்குழு. கோமதி மேடம் நேரில் வந்து விளக்கம் தர வேண்டிய நாள் அது. கோர்படி வீட்டிலிருந்து அவருடைய மகள் போனில் பேசினாள். "அங்கிள், அம்மா இன்னிக்கு மீட்டிங்குக்கு வர மாட்டாங்க." அதற்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நோட்டீஸ் குடுத்தாச்சேம்மா, வரலேன்னா நல்லா இருக்காது. அம்மாகிட்ட கொஞ்சம் சொல்லு" என்றேன். அதற்கு அவள், "அம்மா நஹீ ரஹீ, அங்கிள்" என்றாள். அம்மா போய்விட்டாள் என்பதைத் தமிழில் சொல்ல அந்தப் பெண்ணுக்கு அப்போது வாய் வரவில்லை. விடியற்காலையில் மாரடைப்பு. இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

இந்தச் செய்திமடலில் அஞ்சலிக் குறிப்பு எழுதுவது இணைச் செயலாளரான என் வேலை. செயலாளர் பார்த்துத் திருத்திய பிறகுதான் அச்சுக்குப் போகும். இதை நான் அவருக்குக் காட்டவில்லை. கோபத்தோடு எழுதுகிறேன். அந்தக் கோபத்தில் பாதிக்கு மேல் என் மேல்தான் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நம் தமிழ் வகுப்பில் இருக்கும் ஆறு கம்ப்யூட்டர்களை எல்லாரும் அறிவீர்கள். மூடிப்போன ஓர் அலுவலகம் தானமாகத் தந்தவை. கம்பெனியிலேயே எல்லாம் பொருத்தி, முழுப் பெட்டியாக வந்த பழைய மாடல். 'அ' என்று தட்டினால் திரையில் வருவதற்குள் பிள்ளைகள் செல்போனை எடுத்துவிடுவார்கள். புதிதாக வாங்க வேண்டும் என்று இரண்டு பொதுக்குழுவில் பேசினோம், பேசிவிட்டுக் காபி குடித்தோம். பிம்ப்ரியில் ஒரு தொழிற்சாலை ஸ்டோரில் வேலை பார்த்துக்கொண்டே நம் வகுப்புக்கும் உதவ வந்த கோமதி மேடம்தான் ஒரு சனிக்கிழமை பக்கத்து மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தார். "டப்பா நல்லாத்தான் சார் இருக்கு. மண்டைதான் சின்னது. அத மட்டும் மாத்துவோம்" என்றார். மண்டை என்று அவர் சொன்னது பிராசஸரை.

அடுத்த சனிக்கிழமை, பழைய கம்ப்யூட்டர்களைப் பிரித்து விற்கும் கடையில் தேடி, பொருந்துகிற பிராசஸர் ஒன்றை வாங்கி வந்தார். இதைவிட வேகமானது கிடைக்கவில்லையா என்று கேட்டேன். "கெடச்சுது சார். ஆனா அது ரொம்பச் சூடாகும். இந்தக் குட்டி ஃபேன் தாங்க வேண்டாமா? ஆசப்பட்டு வாங்கிரக் கூடாது" என்றார். மேசைக்கடியில் இருட்டாக இருந்ததால் நான் செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டேன். அவர் விசிறியைக் கழற்றி, அடியில் காய்ந்துபோயிருந்த, சூட்டைக் கடத்தும் பசையைப் பஞ்சால் துடைத்தார். பொறுமையில்லாதவன் நான், வாய் சும்மா இருக்குமா? மதர்போர்டில் முதலில் ஏதோ அப்டேட் செய்ய வேண்டும் என்றவரை, "நம்பர்தான் பொருந்துதே மேடம், மாட்டிப் பார்த்துடலாம்" என்று அவசரப்படுத்தினேன். மாட்டினார். திரை கறுப்பாகவே இருந்தது. பீப் பீப் என்று அலறல் வேறு.

வேறு யாராக இருந்தாலும் என்னை ஒரு பார்வையாவது பார்த்திருப்பார்கள். அவர் பழையதையே திரும்ப மாட்டினார், கம்ப்யூட்டர் உயிர் பெற்றது. பென் டிரைவ் செருகி அப்டேட்டை முடித்தார். அதற்குப் பிறகு புதியதை வைத்து, மிளகு அளவு பசை தடவி மூடினார். இந்த முறை அது எழுந்துகொண்டது. "பழசு உள்ள இருக்கும்போதே போர்டுகிட்ட சொல்லிரணும் சார். வெளிய எடுத்தப்புறம் சொன்னா அதுக்குக் காது கேக்காது" என்று சிரித்தார். கழற்றிய பிராசஸரை ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு என்னிடம் தந்தார், எப்போதாவது தேவைப்படும் என்று. இப்படி ஆறு சனிக்கிழமை, ஆறு கம்ப்யூட்டர். ஆறுக்கும் டார்ச் பிடித்தவன் நான். பிள்ளைகள் 'அ' தட்டினால் 'அ' வந்தது.

பிறகு வந்தது வருடாந்தரச் சரிபார்ப்பு. நம் சங்கத்தை நடத்துகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் ஆடிட், டிபென்ஸ், பேங்க் என்று ஓய்வு பெற்றவர்கள். ஆபீஸை விட்டு வந்தாலும் ஆபீஸ் எங்களை விடுவதில்லை. நாற்காலிக்குக்கூட நம்பர் ஒட்டி வைத்திருக்கிறோம். ஆறு பெட்டியிலும் 'திறக்கக் கூடாது' என்ற ஸ்டிக்கர் கிழிந்திருப்பதைச் செயலாளர் கண்டுபிடித்தார். பழைய அலுவலகம் என்றைக்கோ ஒட்டியது அது. கம்ப்யூட்டர் வேகமாக ஓடுவது அவர் கண்ணில் படவில்லை, ஸ்டிக்கர் பட்டது. "அந்தம்மா யாரைக் கேட்டுத் திறந்தாங்க? ஒரு லெட்டர் உண்டா, ஒரு நோட்டிங் உண்டா?" என்று கேட்டார். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். டார்ச் பிடித்த கை என் மடியில்தான் இருந்தது. வாயைத் திறக்கவில்லை.

'சங்கச் சொத்தை முன் அனுமதியின்றித் திறந்தமைக்கு நேரில் விளக்கம் தர வேண்டும்' என்று நோட்டீஸ் தயாரானது. அவர் சரிசெய்த கம்ப்யூட்டரிலேயே தட்டினோம், அரை நிமிடத்தில் முடிந்தது. கீழே இருப்பது என் கையெழுத்து. வங்கியில் முப்பது வருடம் மேலிடம் நீட்டிய காகிதத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டே பென்ஷன் வாங்கியவன், இதிலும் போட்டேன்.

நோட்டீஸ் கிடைத்த அன்றே மேடம் எனக்குப் போன் செய்தார். "சார், நீங்களும் இருந்தீங்கள்ல?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். "ஃபார்மாலிட்டிதான் மேடம். ரெண்டு வரி எழுதிக் குடுத்துடுங்க, நான் பாத்துக்கறேன்" என்றேன். "சரி சார்" என்று வைத்துவிட்டார். என்னிடம் அவர் கடைசியாகப் பேசியது அதுதான். ஏன் மேடம் 'சரி சார்'? நாலு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா? இந்த நோட்டீஸ்தான் அவரைக் கொன்றது என்று நான் சொல்ல வரவில்லை. கடைசி ஒரு வாரத்தை அவர் இதோடு கழிக்கும்படி செய்தோம், அதைச் சொல்கிறேன்.

இரங்கல் கூட்டத்துக்கு, இதைப் படிக்கும் நீங்களும் வந்திருந்தீர்கள். ஈடு செய்ய முடியாத இழப்பு என்றார் செயலாளர், அம்மையாரின் தன்னலமற்ற சேவை என்றார். மாலை போட்ட படத்தை அந்தக் கம்ப்யூட்டர்களுக்கு நடுவிலேயே வைத்திருந்தார்கள். நோட்டீஸை ரத்து செய்து தீர்மானம் போட வேண்டும் என்று நான் அவரிடம் போய்ச் சொன்னேன். "அஜெண்டாவில இல்லையே சார்" என்றார். "அவங்கதான் காலமாயிட்டாங்களே. ஃபைல் தானா குளோஸ் ஆயிடும், விடுங்க." எனக்கு அங்கேயே அந்த மேசையைக் கவிழ்க்க வேண்டும் போல் இருந்தது. வழக்கம்போல் கவிழ்க்கவில்லை.

வெளியே வந்தபோது மகள் ஒரு காகிதத்தைத் தந்தாள். "அம்மா பர்ஸ்ல இருந்துச்சு அங்கிள். எனக்குத் தமிழ் படிக்க வராது. உங்களுக்குத்தானே?" கோமதி மேடம் செயற்குழுவுக்குத் தர எழுதி வைத்திருந்த பதில் அது. நான் சொன்னபடியே இரண்டு வரி. 'ஆறு கம்ப்யூட்டர்களையும் திறந்தது நான் மட்டும்தான். இதில் வேறு யாருக்கும் பங்கில்லை.'

என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். படித்துக் காட்டினேன். பிறகு அது உண்மையில்லை என்பதையும் அவளிடம் சொன்னேன். இப்போது உங்கள் எல்லாரிடமும் சொல்கிறேன். அடுத்த செயற்குழுவில் முதல் அஜெண்டாவாக இது வர வேண்டும். நோட்டீஸ் ரத்தாக வேண்டும், இல்லையென்றால் என் பெயருக்கும் ஒரு நோட்டீஸ் வர வேண்டும். பதில் எழுதி வைத்துவிட்டேன்.

அவருடையதென்று என்னிடம் இருப்பவை இரண்டு. மாத்திரை டப்பாவில் அந்தப் பழைய பிராசஸர், சட்டைப் பையில் அந்த இரண்டு வரி. மேடம், டார்ச் பிடித்தது நான்தான். நீங்கள் போன் செய்தீர்களே, அன்றைக்கே இதைச் சொல்லியிருக்க வேண்டும். இப்போது சொல்கிறேன், உங்களுக்குக் காது கேட்காது.