கூரையுள்ள கடல்

சங்கு குளிப்பவனுக்குக் கடலில் இனிக் கற்க எதுவுமில்லை என்பதே அப்போது எங்கள் ஊரான தோட்டவெளியில் எங்கள் வீட்டாரின் நம்பிக்கை. என் தம்பி ஜெயசீலன் இளவயதிலிருந்தே சிலிண்டர் கட்டிச் சங்கு எடுத்தவன். நானோ, சுற்றுலா வரும் சுழியோடிகளைப் படகில் அழைத்துச்செல்லும் சிறிய நிறுவனமொன்றில் பயணங்களையும் பாதுகாப்பையும் கவனித்துவந்தேன். மூழ்கிய கப்பல்களை வெளியே நின்று பார்த்தவர்கள் உள்ளேயும் போகவேண்டும் என்று கேட்கத் தொடங்கியபோது, அவர்களை உள்ளே கூட்டிப்போக முதலாளியின் கண் தம்பிமேல் விழுந்தது.

“உம்மட தம்பி மீன் மாதிரி. அவருக்கு என்னத்துக்குப் பயிற்சி?”

“மீனுக்குக் காத்துத் தீராது, ஐயா. இவனுக்குத் தீரும்.”

அவர் சிரித்துவிட்டு, பயிற்சியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை என்னிடமே விட்டார். என் தேர்வு பிழையாகிப்போனால் போவது என் தம்பியின் உயிர்.

இரண்டு பயிற்றுநர்களைத் தொலைபேசியில் அழைத்து ஒரே கேள்வியைக் கேட்டேன்: கப்பலுக்குள் விடுவதற்கு முன் என்ன செய்ய வைப்பீர்கள்? முதலாமவர், “சங்கு குளிக்கிற ஆளெண்டா நேர உள்ள கூட்டிக்கொண்டு போகலாம். ஞாயிறு பூசைக்கு முன்னம் சேட்டிபிக்கட் கையில” என்றார். திருகோணமலையிலிருந்த நசீர் என்பவர், “கரையில கண்ணைக் கட்டி, வெளிய வாற வழிக்கயித்தைப் பிடிச்சுத் தவழ வைப்பன். சரிவராட்டிக் கப்பலுக்குள்ள விடமாட்டன்” என்றார். மறுக்கக்கூடியவரையே வரவழைத்தேன்.

“அக்கா, ஊர் சிரிக்கப்போகுது” என்று தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஊர் சிரிக்கத்தான் செய்தது. பனைகளுக்கிடையே கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவன் மணலில் தவழ்வதைப் பார்த்த எங்கள் மச்சான் டொமினிக், “என்ன மச்சான், பொம்பிளை தேடுறியோ?” என்று கேட்டான்.

அந்தச் சிரிப்புக்கிடையே நசீர் தம்பியின் தோளில் தட்டி, “காத்து குறையுது” என்றார். தம்பி கயிற்றை விட்டான். இரு கைகளையும் உயர்த்தி எழுந்து நின்றான். சங்கு குளிப்பவர் எவரும் அதைத்தான் செய்வார். ஆபத்தென்றால் அவருக்கு வழி மேலேதான்.

நசீர் குரலை உயர்த்தவில்லை. “தம்பி, உங்களுக்கு மேல இப்ப இரும்பு. கயிறு எங்க?”

கண்கட்டுடன் அவன் நெடுநேரம் மணலைத் தடவினான். கயிறு அகப்படவில்லை. டொமினிக்கும் சிரிப்பை நிறுத்திவிட்டான்.

“முதல்ல இருந்து தொடங்குவம், அண்ணை” என்றான் தம்பி.

அதன்பின் அவன் முணுமுணுக்கவில்லை. காற்றில் மூன்றிலொரு பங்கு உள்ளே போவதற்கு, ஒரு பங்கு திரும்பிவருவதற்கு, ஒரு பங்கு தொடாமல் வைப்பதற்கு என்ற விதியையும், சேற்றைக் கிளப்பாமல் நகர்வதையும் பொறுமையாகப் பழகினான். முதலாளிக்குத்தான் பொறுமை போனது.

“பிள்ளை, இது எப்ப முடியும்?”

“கப்பல் எங்கயும் ஓடாது, ஐயா.”

அடுத்த பருவத்தில், பயிற்சி முடித்த தம்பி அழைத்துச்சென்ற பயணியொருவர் கப்பலுக்குள் கால் உதைத்ததில் சேறு கிளம்பி எல்லாம் இருண்டுபோனது. படகிலிருந்த எனக்கு அது தெரியாது. இருவரும் மேலே வந்தபின் தம்பி சொல்லித்தான் அறிந்தேன்.

“உள்ள ஒண்டும் தெரியேல்லை, அக்கா. மேல எழும்பத்தான் மனம் சொன்னது. கை கயித்தை விடேல்லை.” ஈரத்தைத் துடைத்தபடி, “தேத்தண்ணி இருக்கோ?” என்றான்.

இத்தொழிலுக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பயிற்றுநர் என்ன கற்றுத்தருவார் என்று கேளுங்கள், எந்தக் கட்டத்தில் உங்களைத் திருப்பி அனுப்புவார் என்றும் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குப் பதிலில்லாதவரிடம் போகாதீர்கள்.

நான் ஓய்வுபெற்றுவிட்டேன். முதலாளி படகுகளை விற்றுவிட்டுக் கொழும்புக்குப் போய்விட்டார். தம்பி இருக்கிறான்.