அட்டையில் போட்ட கையெழுத்து

பத்து மாடி உயரத்தில் கம்பிக்கயிற்றுக்குப் பக்கத்தில் நின்று வேலை பார்க்கிற லிஃப்ட் மெக்கானிக் அவர். பயமா, அது எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்கிற ஆள். அப்பேர்ப்பட்டவருக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு விலாசம் கேட்க நாக்கு எழவில்லை.

விலாசத்தைத் தேடிப் பிடித்தது மனைவி. குடியை விட நினைப்பவர்கள் வாரம் ஒருமுறை கூடிப் பேசுகிற இடம். மருந்துக்கடையில் விசாரித்து, யார் யாரிடமோ ஃபோனில் பேசி, துண்டுச்சீட்டில் எழுதி அவர் சட்டைப்பையில் வைத்தாள்.

"இன்னிக்கும் போகலைன்னா நானும் பாப்பாவும் அம்மா வீட்டுக்குப் போயிடுவோம். அப்புறம் வந்து கூப்பிடாதீங்க."

கத்தியிருந்தால் கூடப் பரவாயில்லை, அது பழகிப்போன சமாச்சாரம். நிதானமாகச் சொன்னாள். அதில்தான் மனிதர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஒன்பது நாளாகக் குடியைத் தொடவில்லை. சீட்டை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் மூன்று தெருக்களைச் சுற்றினார். கடைசியில் ஜெராக்ஸ் கடையில் போய், "இந்தப் பில்டிங் எங்கண்ணே இருக்கு? டியூஷன் விஷயமா வந்தேன்" என்று ஒரு புளுகு புளுகினார்.

"ஞாயித்துக்கிழமையில என்ன டியூஷன்? நாலாவது மாடியில குடியை விடுறவங்க கூடுவாங்களே, அதுதானே?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்டார் கடைக்காரர். "எதிர்த்தாப்புலதான் நிக்குது, போங்க."

மானம் போனதும் போகட்டும் என்று உள்ளே போய் லிஃப்ட் பொத்தானை அழுத்தினார். லிஃப்ட் வந்தது. தரைக்குச் சமமாக நிற்காமல் இரண்டு விரற்கடை கீழே போய் நின்றது. மற்றவர்கள் கவனிக்காமல் ஏறிப்போவார்கள். மெக்கானிக் கண்ணுக்கு அது போதும், பிரேக் கட்டை தேய்ந்திருக்கலாம். எந்தக் கழுதை இதைப் பார்த்துக்கொள்கிறது என்று வாய்க்குள் திட்டிக்கொண்டே உள்ளே எட்டி, சுவரில் மாட்டியிருந்த பராமரிப்பு அட்டையைப் படித்தார்.

அந்தக் கழுதை அவரேதான்.

போன மாதம் ஒரு தேதி, அதற்கு முந்தின மாதம் ஒரு தேதி. பிரேக் சரி, கயிறு சரி, கதவுப் பூட்டு சரி என்று எல்லாவற்றுக்கும் நேரே அவருடைய கையெழுத்து கோணல்மாணலாக இருந்தது. இரண்டு தடவை வந்து போன கட்டடத்துக்கா இவ்வளவு நேரம் வழி கேட்டுத் திரிந்தோம்? எவ்வளவு யோசித்தும் வந்த ஞாபகமே இல்லை. மேலே மெஷின் ரூமுக்குப் போகாமலே, அட்டையில் மட்டும் கிறுக்கிவிட்டுப் போயிருக்கிறார். லிஃப்டை விட்டுவிட்டுப் படியேறினார்.

ஏறும்போதே மனசு கணக்குப் போட்டது. சொன்னால் இருபத்திரண்டு வருஷ வேலை போய்விடும், போலீஸ் கூட வரலாம். நாளைக்குக் காலையில் வந்து கமுக்கமாகக் கட்டையை மாற்றிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

அறையில் ஏழெட்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். கூட்டத்தை நடத்துகிற தையல்காரர், "வாங்க, உக்காருங்க. பேர் கூடச் சொல்ல வேண்டாம். பேசணும்னு தோணுறப்போ பேசினாப் போதும்" என்றார். மெக்கானிக் சுவரோரமாக ஒடுங்கி உட்கார்ந்தார்.

அப்போது கீழேயிருந்து ஒரு பெண் குரல் கணீரென்று கேட்டது. "ஆரம்பிச்சிடாதீங்கப்பா! இதோ லிஃப்ட்ல ஏறுறேன்!"

"நம்ம அக்கா. கால்ல மாவுக்கட்டு, பாவம்" என்றார் தையல்காரர்.

மெக்கானிக் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினார். மாடிப்படிக் கைப்பிடியில் குனிந்து அடித்தொண்டையில் கத்தினார். "ஏறாதீங்கக்கா! ஏறாதீங்க!"

"ஏம்ப்பா, ரிப்பேரா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருக்கலாம். பின்னால் எல்லோரும் வந்து நின்றுவிட்டார்கள்.

"பிரேக்கைப் பாக்கவே இல்லைக்கா. பாக்காமலே சரின்னு கையெழுத்து போட்டுட்டேன். நான்தான் மெக்கானிக். குடிச்சிருந்தேன்."

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது. தையல்காரர்தான் மெதுவாகக் கேட்டார். "வேற எங்கெல்லாம் இப்படிப் போட்டீங்க?"

"தெரியலையே" என்றார் மெக்கானிக். சொல்லி முடித்த பிறகுதான் அந்த வார்த்தையின் பயங்கரம் அவருக்கே உறைத்தது.

மெஷின் ரூமுக்கு ஓடி மெயின் சுவிட்சை அணைத்தார். அங்கேயே நின்று சூப்பர்வைசருக்கு ஃபோன் போட்டு, ஒளிக்காமல் எல்லாவற்றையும் கொட்டினார். அந்தப் பக்கம் காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"வேலையைப் பத்தி அப்புறம் பேசலாம்யா. நீ பாத்த பில்டிங்கையெல்லாம் வரிசையாப் படிக்கிறேன். பாத்தது நிச்சயம்னா சொல்லு, இல்லேன்னா நிறுத்திடுவோம்."

படிக்கப் படிக்க, நிறுத்துங்க சார், நிறுத்துங்க சார் என்றே சொல்லிக்கொண்டு வந்தார். ஆறாவதாகச் சூப்பர்வைசர் தயங்கினார். "இது நீ குடியிருக்கிற பில்டிங்காச்சேய்யா?"

மெக்கானிக் லைனைத் துண்டித்து வீட்டுக்கு அடித்தார்.

"பாப்பா எங்க?"

"பக்கத்துல உக்காந்து படம் வரைஞ்சிட்டு இருக்கா. ஏன் இப்படி மூச்சு வாங்குது? போனீங்களா இல்லியா?"

"வந்துட்டேன். நம்ம லிஃப்ட்ல யாரும் ஏறாதீங்க. நான் அதைப் பாக்கல. பாத்த மாதிரி எழுதிட்டேன்."

அவள் காலையில் பேசிய அதே நிதானத்தோடு சொன்னாள்.

"நீங்க பாக்குற லிஃப்டாச்சேன்னுதானே பாப்பாவைத் தினமும் அதுல தனியா அனுப்பினேன்."