டாக்டரிடம் நான் சொன்ன "ஆமாங்க"

என் மகள் தர்ஷினி நாலு வயதில், பிள்ளைக் காம்பராவில் (நாங்கள் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் இடம்) இன்னொரு பிள்ளையின் கையைக் கடித்தாள். அன்றிலிருந்து எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எல்லோருமே வைத்தியர்கள்தான். முனி பிடித்திருக்கிறது என்றார் பூசாரி. வளர்ப்பு சரியில்லை என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. அவள் மகன் குடித்துவிட்டுச் சாக்கடைக் கானில் கிடப்பவன். வளர்ப்பைப் பற்றிப் பேச வந்துவிட்டாள்!

பள்ளியில் சேர்த்தபின், மணி அடித்தால் தர்ஷினி காதைப் பொத்திக்கொண்டு அலறுவாள். டீச்சர் மூன்றே வாரத்தில் கைகழுவினார். "டாக்டர்கிட்ட கடிதம் வாங்கிட்டு வாங்க. இல்லாட்டி கூட்டிட்டு வராதீங்க."

பதுளை ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினோம். டாக்டருக்கு முன்னால் சத்தம் போடக்கூடாது என்று அவள் கையில் ஒரு போத்தல் மூடியைக் கொடுத்தேன். அதைச் சுழற்றிக்கொண்டு சும்மா இருந்தாள்.

"கூப்பிட்டா திரும்பிப் பார்ப்பாளா?"

"ஆமாங்க."

"மத்தப் பிள்ளைங்களோட விளையாடுவாளா?"

"ஆமாங்க."

பொய் சொல்லவேண்டும் என்று சொல்லவில்லை. தோட்டத்துத் துரை கேட்டாலும் கணக்குப்பிள்ளை கேட்டாலும் எங்கள் வாயில் வருவது அது ஒன்றுதான். மேசைக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் உட்கார்ந்தால் போதும், முதுகு தானாக வளையும்.

"பிள்ளைக்கு ஒன்னுமில்ல. கண்டிச்சு வளருங்க" என்றார் டாக்டர். கடிதம் இல்லை. நான் கும்பிட்டு வேறு வந்தேன். தூ! பூசாரியை ஏசுகிறேனே, என் பிள்ளையைக் கெடுத்தது என் வாய்தான். டாக்டரே சொல்லிவிட்டார் என்று ஒரு வருடம் அவளை அடித்தேன். கோயில் மணிக்கு அலறினாலும் அடி, சோற்றைத் தட்டிவிட்டாலும் அடி.

அடித்தும் ஒன்றும் மாறாததால் வேறொரு டாக்டரிடம் போனோம். பெண். அதே கேள்விகள். "கூப்பிட்டா திரும்பிப் பார்ப்பாளாம்மா?"

"ஆ..." என்று தொடங்கி நிறுத்தினேன்.

"இல்லைங்க. விளையாடவும் மாட்டாளுங்க. அடிச்சா ஏன்னு தெரியாம முழிப்பாளுங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "இதை ஏம்மா முன்னாடியே யார்கிட்டயும் சொல்லல?"

"இப்பத்தாங்க வாய் வந்துச்சு."

இன்னும் சில தடவை வரச்சொல்லிப் பார்த்துவிட்டு, ஆட்டிசம் (மூளை வளர்ச்சியில் உள்ள வேறுபாடு, பேசிப் பழகும் விதத்தில் தெரியும்) என்றார். முனியும் இல்லை, வளர்ப்பும் இல்லை. அவர் கொடுத்த கடிதத்தைப் படித்த டீச்சர், "இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றார். அந்த முகத்தைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் தர்ஷினி மறுபடி வகுப்பில் இருக்கிறாள்.

போன வாரம் அவளுக்குத் தலை வாரக் கையைத் தூக்கினேன். கையில் சீப்புதான் இருந்தது. இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு குனிந்தாள். இதுவும் ஆட்டிசமா என்று டாக்டரிடம் கேட்டேன். இல்லை என்றார். அப்படியென்றால் அது நான் பழக்கியது.

இப்போது அவளுக்குத் தெரியும்படி, மெதுவாகத்தான் கையைத் தூக்குகிறேன். தலை வாரி முடிக்க அரைமணி நேரம் போகிறது. பேர் பதியும் காலைப் பெரட்டுக்குப் பிந்தினால் கங்காணி கத்துவான். கத்தட்டும்.