எண்ணெய் வழிய நின்றவருக்கு எடுத்த பாடம்

நடந்ததை நடந்தபடியே எழுதுவதென்று முடிவு செய்திருக்கிறேன். இறந்துபோனவர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் அவர்களுக்குக் கோபமே வராது என்று எழுதுகிறார்கள். தங்கையா சாருக்குக் கோபம் வரும். அதை மறைத்தால் அவரைப் பாதிதான் சொன்னதாகும். கல்லூரி மலருக்கு எழுதச் சொல்லி அப்பாவைத்தான் கேட்டார்கள். அப்பா இரண்டு வரி எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிட்டார். "அன்னைக்கு அருவிக்கரையில முழுசாப் பாத்தவ நீதான. நீயே எழுது" என்று என்னிடம் தாளைத் தந்தார்.

செய்தி திங்கட்கிழமை காலையில் வந்தது. கல்லூரிப் பியூன் அண்ணாச்சி சைக்கிளை விட்டு இறங்காமல், ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி, "சார், நம்ம தங்கையா சார் போயிட்டாவ" என்றார். அப்பா முகத்தில் சவர நுரையோடு எட்டிப் பார்த்து, "இந்த மழையிலயா? குடை கொண்டு போனாவளா?" என்று கேட்டார். சார் போவதென்றால் எங்களுக்குத் தெரிந்த இடம் குற்றால மலை ஒன்றுதான். பியூன் அண்ணாச்சி சைக்கிள் மணியைத் துடைத்துக்கொண்டே நின்றார். அப்பாவுக்குப் புரிவதற்குள் நுரை காய்ந்துவிட்டது.

அவர் தாவரவியல் விரிவுரையாளர். என் அப்பா சரித்திரம். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். சார் மலைக்குப் போய்விட்டு நேரே எங்கள் வீட்டுக்குக் காப்பி குடிக்க வருவார். அவருடைய வேட்டியிலிருந்து அட்டைப்பூச்சிகள் இறங்குவதால், அம்மா அவருக்கென்று ஒரு சாக்கையும் ஒரு கிண்ணம் உப்பையும் வைத்திருந்தாள். காய்ந்த இலையைத் தாளில் ஒட்டிப் பாடம் நடத்துவது அவருக்குப் பிடிக்காது. "ஒட்டுன இலை பரீட்சைக்கு ஆவும், படிப்புக்கு ஆவாது" என்பார். ஆனால் ஒரு மாணவர் பாறையில் வழுக்கிக் கையை ஒடித்துக்கொண்ட பிறகு, இனி யாரையும் காட்டுக்குக் கூட்டிப்போகக் கூடாது என்று முதல்வர் தடுத்துவிட்டார். அந்த வருடம் முழுவதும் சார் தானும் மலை ஏறாமல், ஒட்டிய இலையை வைத்துத்தான் பாடம் நடத்தினார். எங்கள் வீட்டுக்கு வந்தாலும் சாக்கு தேவைப்படவில்லை. அம்மாவுக்கே அது பொறுக்கவில்லை.

அப்போதுதான் கல்லூரி ஆசிரியர்களுக்கு மதராஸிலிருந்து ஓர் உதவித்தொகை தருகிறார்கள் என்று தெரிந்தது. ஒரு காப்புக்காட்டை வைத்துக்கொண்டு, எல்லாப் பாடங்களையும் சேர்த்து, இயற்கையைப் பற்றிய புதிய பாடத்திட்டம் ஒன்றை ஆசிரியர்கள் எழுத வேண்டும். சார் விண்ணப்பித்தார். ஓர் அதிகாரி நேரில் வந்து பார்ப்பார் என்று பதில் வந்தது. அவர் திருப்தியடைந்தால் மாணவர்களை மறுபடியும் காட்டுக்கு அனுப்புவதாக முதல்வர் சொன்னார். இல்லையென்றால் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்றும் சொன்னார்.

பாடம் எழுதுவதற்காக ஐந்து ஆசிரியர்கள் குற்றாலத்தில் ஒரு வீடு பிடித்துத் தங்கினார்கள். நல்ல சீசன். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அந்த நேரத்தில் குற்றாலம் என்று சொன்னால் வேறு அர்த்தம் கிடையாது. ஐந்து பேரும் குடும்பத்தோடு வந்தார்கள். நல்லெண்ணெய்த் தூக்கு, சீயக்காய்ப் பொடி, புளியோதரை, தலைக்கு இரண்டு துண்டு. வணிகவியல் சாருக்கு மதராஸிலிருந்து மச்சினரும் வரப்போவதாகத் தெரிந்தது. தங்கையா சார் வாசலில் நின்று பார்த்தார்.

"ஏன்வே, நாம பாடம் எழுத வந்துருக்கமா, கலியாணத்துக்கு வந்துருக்கமா? மச்சினனுக்கு இங்கன என்னவே சோலி?"

"கோவப்படாதிய அண்ணாச்சி. சீசன்ல குத்தாலம் வந்துட்டுக் குளிக்காமப் போனா ஊர் சிரிக்கும்லா" என்றார் அப்பா.

அதிகாரி வரும் நாளன்று, தென்காசி ஸ்டேஷனிலிருந்து அவரை நேரே காட்டு எல்லைக்கு அழைத்து வரும் பொறுப்பை அப்பாவிடம் கொடுத்துவிட்டு, சார் விடியும் முன்பே மேலே போய்விட்டார். அப்பா சரியான நேரத்துக்கு ஸ்டேஷனுக்குப் போனார். ஆனால் திரும்பும் வழியில் பேரருவி இருக்கிறது. வெளியூரிலிருந்து வந்த விருந்தாளியை அருவியைத் தாண்டி உலர்ந்த தலையோடு கூட்டிப்போவது அப்பாவால் முடியாத காரியம். நான் கரையில் ஒரு பாறைமேல் உட்கார்ந்து, குரங்குகளிடமிருந்து எங்கள் துணிகளைக் காத்துக்கொண்டிருந்தேன். இனி எழுதுவதெல்லாம் நானே பார்த்தது.

கோட்டு போட்ட அதிகாரி, "வேண்டாம் சார், நான் ஆபீஸ் விஷயமா வந்திருக்கேன்" என்று சொல்லிக்கொண்டேதான் வந்தார். எண்ணெய் தேய்ப்பவர் அவரைத் தோளைப் பிடித்துக் கல்லில் உட்கார்த்திய பிறகு பேச்சு நின்றுவிட்டது. கோட்டும் மூக்குக்கண்ணாடியும் என் காவலுக்கு வந்தன. அப்பா, "நல்லா ஊறட்டும், இந்தா வந்துருதேன்" என்று அருவிக்குள் போய்விட்டார்.

மேலே காத்திருந்து காத்திருந்து பொறுமை இழந்த தங்கையா சார் அப்போதுதான் இறங்கி வந்தார். ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடியபடி எண்ணெய் வழிய உட்கார்ந்திருந்த மதராஸ்காரரைப் பார்த்ததும், அவர்தான் அந்த மச்சினர் என்று முடிவு செய்துவிட்டார்.

"நீருதானா அது? காட்டைப் பத்திப் படிக்க ஏற்பாடு பண்ணுனா, எண்ணெயில ஊறவா வந்தீரு?"

நான் ஓடிப்போய், "சார், இவங்க வந்து…" என்றேன்.

"சும்மா இரி, ஏட்டி. எந்திரியும்வே. ஒம்ம மேல உள்ள எண்ணெய் எங்கன போவும்னு என்னைக்காவது யோசிச்சிருக்கீரா? வாரும், காட்டுதேன்."

கையைப் பிடித்து அவரை அருவி நீர் ஓடும் ஓடைக்கு இழுத்துப் போனார். கண்ணாடி இல்லாத அதிகாரி தடுமாறிக்கொண்டே போனார். தண்ணீர்மேல் எண்ணெய் ஏழு நிறமாகப் பரவியிருப்பதைச் சார் குனியவைத்துக் காட்டினார். எண்ணெயும் சோப்பும் படியும் பாறை ஒன்றையும், ஆள் குளிக்காத பாறை ஒன்றையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். ஒன்றில் பாசி வழவழவென்று இருந்தது, இன்னொன்றில் பச்சைக் கம்பளம்போல் இருந்தது. "சீசனுக்கு முந்தி இங்கன மீன்குஞ்சு நிக்கும். இப்பம் ஒண்ணைக் காட்டும் பாப்போம். இந்தத் தண்ணிதான் சிற்றாத்துல போயி வயலுக்குப் பாயுது. கீழ தென்காசியில நாங்க இதத்தான் குடிக்கோம். ஒம்ம முதுகை நாங்க குடிக்கோம்வே!"

குளிக்க வந்த கூட்டம் அவரைச் சுற்றி நின்றுவிட்டது. எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் மெதுவாக வழித்துத் துடைத்துக்கொண்டார்கள். அப்போதுதான் அப்பா அருவியிலிருந்து வெளியே வந்தார். நிலைமையைப் பார்த்தவர் மறுபடியும் அருவிக்குள்ளேயே போனார். அதை எழுதவும் அவரிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன்.

கடைசியில் அதிகாரி நிமிர்ந்து, "சார், நீங்க அப்ளிகேஷன் போட்டீங்களே, அதைப் பார்க்க மதராஸிலிருந்து வந்தவன் நான்தான்" என்றார்.

தங்கையா சார் அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அந்த முகம் ஒரு கணம் வெளுத்ததை நான் பார்த்தேன். காட்டுக்குப் போகும் வழி அந்தக் கணத்தில் அடைபட்டுவிட்டது என்றுதான் அவர் நினைத்திருப்பார். மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அப்பம் சரி. இன்னும் பாதிப் பாடம் பாக்கி இருக்கு. வாரும்" என்றார்.

அதிகாரி அதே ஈரத் துண்டோடு மேலே ஏறினார். நான் கண்ணாடியை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

உதவித்தொகை வந்தது. வேதியியல் சார் எண்ணெயையும் சோப்பையும் பற்றி எழுதினார், வணிகவியல் சார் எண்ணெய் தேய்த்துப் பிழைக்கும் குடும்பங்களைப் பற்றி எழுதினார், அப்பா குற்றாலத்துக்கு யார் யார் குளிக்க வந்தார்கள் என்று எழுதினார். தங்கையா சாருக்கு மட்டும் அதில் ஒரு வருத்தம் கடைசிவரை இருந்தது. "மரத்தைப் பத்தி அத்தன பக்கம் எழுதி அனுப்புனேன். அதுக்கு ஒரு வார்த்தை சொல்லல. ஏசுனதுக்குத்தான தந்தானுவ!" என்பார். மாணவர்கள் மறுபடி காட்டுக்குப் போனார்கள். அம்மா சாக்கை மறுபடி விரித்தாள்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்று உண்டு. முன்பெல்லாம் வகுப்பில் எனக்குத் தெரிந்த பதிலைச் சொல்லத் தொடங்கி, டீச்சர் நிமிர்ந்து பார்த்ததும் பாதியில் விழுங்கிவிடுவேன். இப்போது விழுங்குவதில்லை. எதிரே நிற்பவர் யார் என்று தெரிந்த பிறகும், தொடங்கியதை முடிக்கலாம்.

நேற்று கல்லூரியில் இரங்கல் கூட்டம் நடந்தது. சார் காட்டில் எடுத்த படங்களைக் காட்டுவதற்கு வெள்ளைத் திரை கட்டியிருந்தார்கள். அதற்கு முன் முதல்வர், "இனி பிள்ளைகளை யார் மேலே கூட்டிப்போவது?" என்று கேட்டார். மறுபடியும் நிறுத்திவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். அப்போது அப்பா எழுந்தார். "வாற சனிக்கிழமை நான் கூட்டிட்டுப் போறேன்."

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு, "இவியளுக்கு வேம்பையும் புங்கையையும் பிரிச்சுச் சொல்லத் தெரியாதே" என்று முணுமுணுத்தாள்.

பக்கத்தில் இருந்த தங்கையா சாருடைய மனைவி எஸ்தர் அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தெரியாட்டா பயலுவ சொல்லுவானுவ மதினி. போட்டும்" என்றார். அன்று காலையிலிருந்து அவர் சிரித்தது அப்போதுதான்.

முதல்வர் அப்பாவின் பெயரை எழுதிக்கொண்டார். பிறகு படங்கள் தெரிவதற்காக விளக்குகளை அணைத்தார்கள்.