நான் வைக்காத மைக்கா

பேய் பிசாசு எல்லாம் எனக்கு ஒத்துவராத பேச்சு. தெருவில் யாருக்காவது வேப்பிலை அடித்தால் எட்டிக்கூடப் பார்க்க மாட்டேன். ஏழாவதோடு படிப்பு நின்றது. தெரிந்தது ஒரே வேலை, கார் ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர். ஒரு ஆம்ப் எரிந்தால் அதற்குக் காரணம் இருக்கும், பாடினாலும் இருக்கும். அப்படியே இருந்தவன் நான். இதைக் கேட்டுச் சிரித்தால் சிரியுங்கள்.

கடை தொம்மலூர் பழைய ஊருக்குள், சாவி என்னிடம். முன்னால் காருக்கு ஸ்டீரியோ மாட்டுவார்கள். பின்னால் ரிப்பேருக்கு இரண்டு மேஜை. ஒன்று எனக்கு, ஒன்று இம்தியாஸுக்கு. அவன் பிரேசர் டவுன்காரன். எனக்குப் பிறகு வந்தவன், என்னைவிடச் சின்னவன்.

அவன் சரி செய்த ஆம்ப் திரும்பி வராது. நான் செய்தது வரும். கொஞ்ச நாள் பாடும், பிறகு சிவப்பு விளக்கு எரிய, கஸ்டமர் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பான். இருவருக்கும் ஒரே கடை பார்ட்ஸ், ஒரே ஈயம். கார் குலுங்கினால் பற்றவைத்த ஈயம் விடும் என்று அவன் டிரான்சிஸ்டர் காலை முழங்கால் மாதிரி மடக்கி வைப்பான். பார்த்து நானும் மடக்கினேன். என்னுடையது வந்தது. அவனுடையது வரவில்லை.

வேலை முடித்து மூடியதும் ஸ்க்ரூ மேல் நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வைப்போம். யாராவது திறந்தால் அது உடைந்து காட்டிக்கொடுக்கும். எனக்குச் சிவப்பு. அவனுக்கு ரோஸ், பெண்டாட்டியுடையது. ரோஸ் சொட்டு வைத்த பெட்டிகளைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும்.

"என்னண்ணா, என் மேஜையே பாக்குற? கண்ணு வெக்காத, ஃபியூஸ் போய்டும்" என்று சிரிப்பான்.

நான் குனிந்து என் ஈயத்தை உருக்க ஆரம்பிப்பேன்.

அவனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு குழறியது. வீட்டில் படுத்தான். எனக்கு வருத்தம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இனிமேலாவது என் பேர் நிற்கும் என்றும் நினைத்தேன்.

எங்கே நின்றது. வந்தவன் எல்லாம் காலி மேஜையைப் பார்த்து, "பாய் இல்லையா? அவர் எழுந்து வரட்டும், அப்புறம் கொண்டாரேன்" என்று போனான். படுத்துக் கிடப்பவனிடமும் தோற்றேன்.

மஞ்சு என்று ஒரு டிரைவர். எலெக்ட்ரானிக் சிட்டிக்கு கம்பெனி வேன் ஓட்டுகிறவன். ஆட்களை இறக்கிவிட்டு காலி வண்டியில் திரும்பும்போது மட்டும் பாட்டு போடுவான். அவன் ஆம்ப் போய்விட்டது. கடை ஓனர் வற்புறுத்தி என்னிடம் கொடுக்க வைத்தார். இந்த ஒன்று திரும்பி வரக்கூடாது, வந்தால் இந்தத் தொழிலில் என் பேர் முடிந்தது என்று எனக்குத் தெரியும்.

அவன் பக்கத்திலேயே நின்றுகொண்டு, "இம்தியாஸ் பாய் இப்டி பண்ண மாட்டாரு குரு" என்று நச்சு நச்சென்று சொல்லிக்கொண்டே இருந்தான். ஆத்திரத்தில் வேகமாக முடித்தேன். டிரான்சிஸ்டர் காலை மடக்கக்கூட இல்லை. மேஜையில் போட்டுப் பார்த்தேன், பாடியது. சிவப்புச் சொட்டு வைத்துக் கொடுத்துவிட்டேன்.

மேஜையைத் துடைக்கும்போது துணிக்கு அடியில் ஒரு மைக்கா.

டிரான்சிஸ்டருக்கும் அலுமினியப் பெட்டிக்கும் நடுவில் வைக்கும் மெல்லிய தகடு அது. கரண்ட் பெட்டிக்குப் போகாமல் தடுக்கும். அது இல்லாவிட்டாலும் மர மேஜையில் பாடும். வேனின் இரும்பில் முறுக்கினால் எரியும். மஞ்சுவுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. எரிந்தது என்று சேதி வரும், வரும் என்று சாப்பாடு இறங்காமல் கிடந்தேன்.

ஒரு ஞாயிறு மத்தியானம் மஞ்சு வந்தான். வாயெல்லாம் பல்.

"என்னா சவுண்ட் குரு! பாய் கையேதான் போ!"

வேனுக்குள் ஏறினேன். சிவப்புச் சொட்டு உடையாமல் அப்படியே இருந்தது. நானே சுரண்டி எடுத்துத் திறந்தேன். மைக்கா இருந்தது, நேராக, ஓரம் பிசகாமல். கால்கள் முழங்கால் மாதிரி மடங்கியிருந்தன. நான் வைக்காத மைக்கா, நான் மடக்காத கால். நம்பினால் நம்புங்கள், நல்ல வெயிலில் நான் அதையே திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்தேன்.

"என்ன குரு, பேய் பாத்த மாதிரி?"

"ஒண்ணும் இல்ல. நல்லா இருக்கு" என்று மூடிவிட்டேன்.

அன்றைக்கே பிரேசர் டவுன் போனேன். இம்தியாஸ் கட்டிலில் கிடந்தான். பெண்டாட்டி நசீமா அவன் வலது கையை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பாருங்கண்ணா, என்னன்னே தெரியல. நகத்துல வெள்ளையா ஏதோ. தொடச்சாலும் போகமாட்டேங்குது, தெனம் வருது."

எனக்குத் தெரிந்தது. மைக்காவின் இரண்டு பக்கமும் தடவுகிற பேஸ்ட். சோப்புக்கும் போகாது.

இம்தியாஸ் கோணல் வாயால் மெல்லச் சொன்னான். "கை வலிக்குதுண்ணா."

நசீமா துணியைப் போட்டுவிட்டாள். "வலிக்குதா? இந்தக் கையா? உணர்ச்சியே இல்லன்னாரே டாக்டரு! யா அல்லா, வலிக்குதாம்!" அழுதுகொண்டே அக்காவுக்குப் போன் பண்ண ஓடினாள்.

அவள் போனதும் அவன் என்னைக் கிட்டே கூப்பிட்டான்.

"மைக்கா வெக்கலயே நீ."

அவன் பாதி வாயால் சிரித்தான். என்னால் சிரிக்க முடியவில்லை. அந்த நேரத்திலும், படுத்த படுக்கையிலும் இவன் என்னைவிட நன்றாகச் செய்கிறானே என்றுதான் மனம் எரிந்தது.

அதற்குப் பிறகு என் வேலை எதுவும் திரும்பி வரவில்லை. "உன் கைக்கு என்னப்பா வந்துச்சு, தங்கம் மாதிரி!" என்கிறார் ஓனர். மூடியதை நான் திறந்து பார்ப்பதில்லை. எல்லாரும் என் பேரைத்தான் சொல்கிறார்கள். கேட்கக் கேட்க எரிகிறது.

போன வாரம் ஓசூரில் ஒரு சாவு. சில நாள் கடைக்குப் போகவில்லை. நசீமா போன் செய்தாள். அசைய ஆரம்பித்திருந்த அவன் விரல்கள் நான் கடைக்குப் போகாத நாளிலிருந்து மறுபடி கட்டை மாதிரி கிடக்கின்றனவாம், டாக்டருக்கே புரியவில்லையாம்.

"உங்க கிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாருண்ணா. என்னான்னு எனக்கு வெளங்கல."

"என்ன சொன்னான்?"

"நாளைக்கு சீக்கிரமா கடைய தொறக்கச் சொல்லுன்னாரு."

திறந்தேன்.