மணமேடை ஏறிய ஜீப்பு

வீரம்மாள் என்று கேட்டால் ஒலக்கூர்ப் பக்கம் பாதிப் பேர் முழிப்பார்கள். பந்தக்காரம்மா என்று கேட்டால் தெருநாய்கூட எழுந்து வந்து வழி காட்டும். அவள் போகிற இடத்தில் சோறு உண்டு என்பது எங்கள் ஊர் நாய்களின் நெடுநாள் அனுபவம்.

அவள் என் அத்தை. என் அப்பா வெங்கடாசலத்தின் ஒரே தங்கை. முதலில் அடுத்தவர் கழனியில் களையெடுத்தாள். பிறகு அடுத்தவர் பந்தலில் பாத்திரம் கழுவினாள். அப்புறம் ஒரு கட்டுச் சவுக்குக் கட்டையும் ஓட்டை விழுந்த ஒரு சாமியானாவும் வாங்கித் தனிக்கடை போட்டாள். இன்றைக்கு அவள் கடையில் சோற்று அண்டா முதல் மணமேடை வரை எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். பத்தாம் வகுப்புக்கும் எனக்கும் ஒத்துவராமல் போன பிறகு நான் அவளிடம் கயிறு கட்டுகிறேன். 'மணமகன் அறை' பலகையைக் கொண்டுபோய்ச் சமையல்கட்டு வாசலில் மாட்டுவதும் உண்டு. அதற்குத் தனியாகக் கூலி கிடையாது.

அத்தையிடம் இல்லாதது ஒன்றே ஒன்று, சொந்த வண்டி. முகூர்த்த நாளில் வாடகை லோடு ஆட்டோக்காரர் திண்டிவனத்தில் டீ குடித்துக்கொண்டே, "வந்துக்கினே இருக்கேன்க்கா" என்பார். இங்கே பெண் வீட்டார் அத்தையைச் சூழ்ந்துகொள்வார்கள். பந்தல் இல்லாத வாசலில் நின்று திட்டு வாங்குவது எப்படி இருக்கும் என்று அவளைக் கேட்டால் சொல்வாள். அதற்கு முன்னால் ஒரு அடி விழும்.

போன மழைக்காலம் முடிந்ததும், ஒரு மாந்தோப்பில் கேட்பாரற்றுக் கிடந்த பழைய ஜீப்பை அத்தை வாங்கிவிட்டாள். டிராக்டரில் கட்டி இழுத்து வந்து, எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவான பின்தோட்டத்தில் நிறுத்தியபோது அதற்குள் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

"கோழியும் சேத்துத்தான் வெலையா அத்தை?" என்று கேட்டேன்.

"உன்னயும் சேத்து வித்துடுவேன், நவுரு" என்றாள்.

என்ஜினை ஒரு மெக்கானிக் பிழைக்க வைத்துவிட்டார். கோளாறு சேஸிஸில் இருந்தது. வண்டிக்கு அதுதான் எலும்புக்கூடு. திண்டிவனத்திலிருந்து வந்த வெல்டர் கண்ணையன் அடியில் படுத்து, அந்த இரும்பை விரலால் குத்திப் பார்த்தார். விரல் உள்ளே போய்விட்டது.

"யக்கா, பாடிய மேல வெச்சிக்கினு ஒட்ட முடியாது. அதத் தனியா தூக்கிட்டு சேஸிஸ மட்டும் கடைக்குக் கொண்டா. கெட்டியா பண்ணித் தர்றேன்."

"தூக்கறதுக்குக் கிரேன் வேணுமா?"

"இந்தச் சந்துல கிரேன் எங்க வரும்? பந்தக்காரம்மா நீ, உனக்கு நான் சொல்லணுமா? ஆனா ஒண்ணு. தூக்கறதுக்கு முன்ன கதவு இருக்கற எடத்துல குறுக்கக் கட்டை வெச்சு இறுக்கிடு. எறக்கினா கீழ நல்ல தாங்கு இருக்கணும். பாடி லேசா முறுக்கிக்கிச்சுன்னா அப்புறம் எந்தக் காலத்துலயும் உக்காராது. காயலாங்கடைதான்."

காயலாங்கடை என்ற சொல் அப்பாவின் காதில் தேனாகப் பாய்ந்தது. ஜீப்பு நின்ற இடத்தில்தான் அவர் கூலியாக வாங்கி வரும் மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, காய வைப்பார்.

"இந்தா வீரா, அமாவாசைக்குள்ள இது தன்னால ஓடி வெளிய போவணும். இல்லன்னா மறுநாளு காயலாங்கடைக்காரன் வந்து அள்ளிக்கினு போவான். நான் சொல்லி வெச்சிட்டேன்."

"அமாவாசைக்கு மேல்மலையனூர்ல அன்னதானப் பந்தல் நம்முளுது. இதுலதாண்ணா கட்டை ஏத்திக்கினு போவேன்."

"போ போ. கோழியக் கண்டக்டரா வெச்சிக்க."

அத்தை அன்றைக்கே கணக்குப் போட்டுவிட்டாள். தூக்குவதற்கு ஒரு பந்தல், தாங்குவதற்கு மணமேடையின் இரும்பு ஸ்டாண்டு. இரண்டும் கடையிலேயே இருந்தன. போட்டோவுக்கு என்று பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் மொத்தமாக ஏறி நின்று இடித்துக்கொண்டபோதும் அசையாத ஸ்டாண்டு அது. ஒரு ஜீப்பின் பாடி அதற்கு எம்மாத்திரம்.

துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு டீசல் ஊற்றி ஊறவைத்து ஒவ்வொன்றாகக் கழற்றினோம். பிரித்த ஒயர்களுக்கு அடையாளமாக அலங்காரத் துணியில் கலர் கலராகக் கிழித்துக் கட்டினாள் அத்தை. கதவிருந்த இடங்களில் குறுக்குக் கட்டை வைத்து இறுக்கினோம். ஸ்டீயரிங் வளையத்தைக் கழற்றி என் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். மாலை மாதிரி இருந்தது.

பிறகு ஜீப்பைச் சுற்றி, இரட்டை இரட்டையாகச் சவுக்குக் கட்டை நட்டுப் பந்தல் எழுப்பினோம். போர் மோட்டார் தூக்குகிறவர்களிடம் இரவல் வாங்கிய செயின் பிளாக்கை நடு உத்தரத்தில் தொங்கவிட்டோம். அத்தையிடம் வேலை செய்யும் பச்சைமுத்து மாமா, எந்தப் பந்தலுக்கும் செய்வது போலவே வடகிழக்கில், ஈசானிய மூலையில், பந்தக்காலை நட்டு, உத்தரத்துக்கு முட்டாகச் சேர்த்துக் கட்டினார். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாவிலை கட்டிச் சூடம் காட்டினார். நாங்களும் வழக்கம்போலக் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். பந்தக்கால் நட்டுவிட்டால் காரியம் முடிகிறவரை அதை யாரும் தொடக் கூடாது. இது பந்தக்காரர்களுக்கு ரத்தத்தில் ஊறினது. அதனால்தான் அதை எங்கே நடுகிறோம் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

செயினை இழுத்தோம். முதலில் எதுவும் நகரவில்லை. பிறகு அடியில் சப்பென்று ஒரு சத்தம் கேட்டது. ஒட்டிக் கிடந்த ரப்பர்கள் விட்டுக்கொடுத்தன. பாடி மெல்ல மேலே எழுந்தது. நாலு மூலைக் கயிற்றிலும் தொங்கி, தொட்டில் மாதிரி ஆடியது. அடியில் சேஸிஸ் மட்டும் என்ஜினும் சக்கரமுமாக நின்றது.

"தள்ளுங்க" என்றாள் அத்தை. அதை வெளியே தள்ளினால்தான் ஸ்டாண்டை உள்ளே நகர்த்திப் பாடியை இறக்க முடியும்.

வடக்கே பார்த்துத் தள்ளினோம். தெருவுக்குப் போகிற ஒரே சந்து அந்தப் பக்கம்தான். இரண்டு முழம் நகர்ந்து, முன்சக்கரம் டங்கென்று நின்றது. சக்கரத்துக்கு முன்னால் மஞ்சளும் குங்குமமுமாகப் பந்தக்கால் மங்களகரமாக நின்றுகொண்டிருந்தது.

யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"புடுங்கிடலாமா?" என்றேன்.

"டேய், வாயக் கழுவு" என்றார் பச்சைமுத்து மாமா. "காரியம் முடியாம பந்தக்காலப் புடுங்கினா காரியம் விளங்காது."

"காரியம் இப்ப மட்டும் விளங்குதா மாமா?"

"சாமி சங்கதி கெடக்கட்டும். பாரம் மொத்தம் அந்தக் கால்மேல நிக்குதுடா" என்றாள் அத்தை. "அத உருவினா பாடி உன் தலைமேலதான் எறங்கும்."

மேலே கயிறு கிரீச்சென்றது. பின்பக்க முடிச்சு ஒன்று அரை விரல் நழுவியது. பாடி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. முறுக்கிக்கொண்டால் காயலாங்கடை என்று கண்ணையன் சொன்னது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்திருக்க வேண்டும். அத்தையின் முகத்தில் நான் அதற்கு முன் பார்க்காத ஒன்றைப் பார்த்தேன். திட்டு வாங்கும்போதுகூட அவள் முகம் அப்படி ஆனதில்லை.

நழுவிய கயிற்றைத் தாவிப் பிடித்துக்கொண்டே அவள் மேற்கே திரும்பினாள். அங்கே தென்னங்கீற்றால் அடைத்த எங்கள் குளியல் மறைப்பு இருந்தது. அது இல்லையென்றால் சக்கரத்தை மேற்கே ஒடித்துப் பந்தக்காலைச் சுற்றிக்கொண்டு போய்விடலாம். மறைப்புக்குள் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"அண்ணா" என்றாள் அத்தை.

"இன்னா?"

"மறைப்ப எடுக்கணும்."

"குளிச்சிக்கினு இருக்கேன்."

"அது தெரியுது. ஜல்தி வெளிய வா."

"தலைக்கு சோப்பு போட்டுட்டேன். இன்னா அவசரம்?"

"வண்டி வருது."

"அதெல்லாம் வராது."

அத்தை என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். கட்டுவதைவிட அவிழ்ப்பதில் நான் கெட்டிக்காரன். நாலு முடிச்சு, ஒரு உதை. கீற்றுத் தட்டி முழுதாக அந்தப் பக்கம் சாய்ந்தது.

அப்பா கட்டம் போட்ட துண்டும் தலை நிறைய நுரையுமாக, கையில் சொம்போடு நின்றார். ஒரு கண்ணை மட்டும் திறந்தார். முதலில் என்னைத்தான் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். பிறகு நிமிர்ந்து அந்தரத்தில் சாய்ந்து தொங்கிய பாடியைப் பார்த்தார். அதன் கீழே, கயிற்றைத் தோளில் சுற்றித் தன் உடம்பையே முட்டாகக் கொடுத்து நின்ற தங்கையைப் பார்த்தார்.

சொம்பு கீழே விழுந்தது.

"இன்னாடா வேடிக்க பாத்துக்கினு இருக்கீங்க பேமானிங்களா, தள்ளுங்கடா" என்று அவரே ஓடிவந்து சேஸிஸில் கை வைத்தார்.

நான் கழுத்திலிருந்த ஸ்டீயரிங் வளையத்தை அதன் கம்பியில் சொருகி மேற்கே ஒடித்தேன். அப்பாவும் பச்சைமுத்து மாமாவும் தள்ள, சேஸிஸ் எங்கள் குளியல் கல்மேல் ஏறி, பக்கெட்டை நசுக்கி, சோப்பை அரைத்து, வடக்குச் சந்தில் போய் நின்றது. பந்தக்காலின் மாவிலைகூட அசையவில்லை.

ஸ்டாண்டுகளை இழுத்து வந்து அடியில் சேர்த்தோம். செயின் கடகடவென்று இறங்கியது. பாடி மணமேடையில் உட்கார்ந்தது. அத்தை மூலைக்கு மூலை குறுக்கே கயிறு பிடித்து அளந்தாள், பந்தல் கோணலா நேரா என்று பார்க்கிறது போலவே. இரண்டு பக்கமும் ஒரே அளவு. முறுக்கவில்லை.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் இப்ப எங்க குளிக்கிறது?" என்றார் அப்பா. நுரை காய்ந்து மீசையில் ஒட்டியிருந்தது.

அதற்கு அத்தை ஜரிகை வைத்த ரோஸ் நிற அலங்காரத் துணியில் மறைப்பு கட்டிக் கொடுத்தாள். 'மணமகன் அறை' பலகையை அதன் வாசலில் யார் மாட்டியது என்று கடைசிவரை தெரியவில்லை. அப்பாவுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன், முதுகு இன்னும் வலிக்கிறது.

சேஸிஸ் டிராக்டரில் திண்டிவனம் போய், கண்ணையன் கையில் இரும்பு தின்று, கறுப்புப் பெயிண்டோடு திரும்பி வந்தது. அதுவரை பாடி மேடையிலேயே இருந்தது. ஒருவர் மணமேடை கேட்டு வந்தபோது, "அது வேற ஒரு கல்யாணத்துல இருக்குதுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டாள் அத்தை. கடையிலேயே புது சாமியானாவை எடுத்துப் பாடிமேல் பனி படாமல் யாரோ போர்த்தியிருந்தார்கள். அத்தை கேட்டபோது பச்சைமுத்து மாமாதான் என்று சொல்லிவிட்டேன். பாவம், அவர் திட்டு வாங்கினார்.

பாடியைத் திரும்பச் சேஸிஸில் ஏற்றுகிற நாளில் அப்பா காலையிலேயே குளித்துத் தயாராக இருந்தார். பாடி இறங்கி ஒவ்வொரு துளையிலும் போல்ட் விழுந்தது. கடைசித் துளை மட்டும் ஒரு விரல் விலகி நின்றது. கடப்பாரையால் நெம்பினோம், வரவில்லை. அத்தை ஒரு கயிற்றைப் பாடியில் கட்டித் தென்னை மரத்தில் சுற்றினாள். காற்றில் பறக்கப் பார்க்கும் சாமியானாவை இழுத்துப் பிடிப்பாளே, அந்த மாதிரி பின்னால் சாய்ந்து ஒரே இழுப்பு. போல்ட் தானாக விழுந்தது.

குறுக்குக் கட்டைகளை அவிழ்த்துக் கதவுகளை மாட்டினோம். அப்பா ஒரு கதவைச் சாத்தினார். திறந்தார். மறுபடியும் சாத்தினார்.

"கதவு சாத்துதே" என்றார், அவரே செய்த கதவு போல.

அத்தை சாவியைத் திருப்பினாள். ஜீப்பு ஒருமுறை இருமியது, பிறகு தோட்டமே அதிர உறுமியது. பச்சைமுத்து மாமா சூடம் ஏற்றிக் காட்டிவிட்டுப் பந்தக்காலைப் பிடுங்கினார்.

அமாவாசைக்கு முந்தின நாள் காயலாங்கடைக்காரர் போன் செய்தார். "இன்னா பழைய இரும்பு? எங்க வூட்ல ஓடற வண்டிதான் கீது, பேஜாரு பண்ணாத" என்று அப்பா வைத்துவிட்டார். அமாவாசைக் காலையில் யாரும் கூப்பிடாமலே முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். நானும் பச்சைமுத்து மாமாவும் பின்னால் சவுக்குக் கட்டைகளின்மேல் உட்கார்ந்தோம். அத்தை செஞ்சி வழியாக ஓட்டினாள். லாரிக்காரர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை, ரோட்டைத்தான் பார்த்தாள்.

மேல்மலையனூரில் கூட்டம் சேர்வதற்குள் எங்கள் பந்தல் நின்றுவிட்டது. பக்கத்தில் தண்ணீர்ப் பந்தல் எடுத்திருந்தவர் போனில் தன் லோடு ஆட்டோவைத் தேடித் தேடி அலுத்துப்போய், ஜீப்புக்கு வந்து முன்சீட்டில் இருந்த அப்பாவிடம் குனிந்தார்.

"அண்ணே, நம்ம கட்டைங்க ரோட்லயே மாட்டிக்கினு கீது. வண்டி ஒரு நடை வருமா? நீங்கதான் ஓனரா?"

அப்பா நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு கட்டைவிரலால் ஸ்டீயரிங் பிடித்திருந்த அத்தையைக் காட்டினார்.

"ஓனரு, டிரைவரு எல்லாம் அதுதான். என் தங்கச்சி. மரியாதையா கேளு."

அவர் கேட்க வாயைத் திறப்பதற்குள், ரோட்டில் மாட்டிய அவர் கட்டைகளை ஏற்றிவர அத்தை வண்டியை எடுத்துவிட்டாள்.