எண்ணெய்க் குப்பி இல்லாத ஞாயிறு

எங்கள் அத்தைக்கு அடக்கம் கிடையாது என்று ராயபுரத்தில் எங்கள் தெருவே சொன்னது. மறுத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. அடக்கம் இருந்திருந்தால், பெரியப்பா பரணில் எறிந்த இன்ஜினை அவள் கீழே இறக்கியிருக்க மாட்டாள். இறக்கியிருந்தாலும் துடைத்து ஷோகேஸில் வைத்திருப்பாள். அத்தை அதை ஓட வைத்தாள். தெருவுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

பெரியப்பா, அதாவது அப்பாவுக்கும் அத்தைக்கும் அண்ணன், கப்பலில் வேலை பார்த்தார். வருஷத்தில் பாதி கடலில் இருப்பார், மீதிப் பாதி எங்கள் வீட்டு நாற்காலியில் இருப்பார். ஒருமுறை ஜப்பான் பக்கம் போய் வந்தபோது ஒரு சின்ன விமானமும், தரையில் நின்றபடி அதை ஓட்டுகிற ரேடியோப் பெட்டியும், மூக்கில் மாட்டுகிற இன்ஜினும் வாங்கி வந்தார். இன்ஜின் உள்ளங்கையில் அடங்கிவிடும். ஆனால் மோட்டார் சைக்கிளில் இருப்பதுபோலவே வால்வும் கார்புரேட்டரும் கொண்ட அசல் ஃபோர் ஸ்ட்ரோக். பெரியப்பா எண்ணூர் கடற்கரையில் கூட்டம் சேர்த்து முதல் நாளே அதை ஏற்றிக் காட்டினார். பனைமர உயரம் போன விமானம் அதே வேகத்தில் தலைகுப்புற மணலில் இறங்கியது. ஜப்பான்காரன் ஏமாற்றிவிட்டான் என்று சொல்லிப் பரணில் போட்டுவிட்டு அடுத்த கப்பலுக்குப் போய்விட்டார். உள்ளே மிச்சமிருந்த எரிபொருளை வடிக்கக்கூட இல்லை.

வடிக்காததுதான் பாவம். அந்த இன்ஜின் பெட்ரோலில் ஓடாது, மெத்தனாலில் விளக்கெண்ணெய் கலந்து ஊற்ற வேண்டும். மெத்தனால் காற்றில் இருக்கும் ஈரத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும். எங்கள் ஊர்க் காற்றில் ஈரத்துக்கும் உப்புக்கும் என்ன பஞ்சம்? அத்தை இறக்கிய அன்று இன்ஜின் சுற்றவே இல்லை. உள்ளே பேரிங் துருவேறி இறுகிக் கிடந்தது.

அத்தை ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவள். அவள் வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். திருவொற்றியூரில் பம்பு செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். இன்ஜினை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டாள், கழற்றினாள், பாரிமுனைக் கடைகளில் ஏறி இறங்கி அளவுக்குப் பேரிங் தேடினாள். ஒடிந்த இறக்கைக்கு, தெருவில் காத்தாடி ஒட்டுகிறவர்களிடம் மூங்கில் சிம்பு வாங்கிக் கட்டினாள். எல்லாம் ஆகி அது முதன்முதலாக எங்கள் மொட்டைமாடியில் ஓடியபோது தூரத்தில் மீன்பிடி போட் வருவதுபோல ஒரு கனத்த சத்தம் வந்தது. கூடவே விளக்கெண்ணெய் கருகுகிற வாசனையும் வந்தது. எதிர்வீட்டில் உடனே கதை கட்டிவிட்டார்கள், இவள் சாராய ஊறல் போடுகிறாள் என்று. உண்மையாகவே ஒரு போலீஸ்காரர் வந்து கேனை முகர்ந்து பார்த்தார். அத்தை ஒரு தம்ளரைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"குட்ச்சிப் பாக்கறியா சார்? கண்ணு ரெண்டும் பூடும். பரவால்லியா?"

அவர் தம்ளரையும் பார்க்கவில்லை, எங்கள் தெருப் பக்கமும் பிறகு வரவில்லை.

அப்போது நான் ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் அத்தையும் நானும் எண்ணூர் பஸ் ஏறுவோம். விமானத்தின் உடம்பு அவள் மடியில் இருக்கும், இறக்கை என் மடியில் இருக்கும். பஸ்ஸில் எல்லோரும் பார்ப்பார்கள். அத்தை திருப்பிப் பார்ப்பாள். அவள் பார்வைக்கு முன்னால் பாதிப் பேர் ஜன்னலுக்கு வெளியே ஏதோ இருப்பதாகத் தலையைத் திருப்பிக்கொள்வார்கள். எனக்கு அதில் அவ்வளவு கர்வம்.

அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. இன்ஜின் ஆறிக் கிடக்கும் விடியலில், காபிகூடக் குடிக்காமல், டாப்பெட் பார்ப்பாள். வால்வுக்கும் அதைத் தட்டுகிற இரும்புக் கைக்கும் நடுவில் மெல்லிய தகடு ஒன்றைச் செருகி இழுத்துப் பார்ப்பாள். லேசாகப் பிடிக்க வேண்டும், சிக்கக் கூடாது. கடற்கரையில் இன்ஜினைக் கிளப்பியதும் எரிபொருள் வருகிற ஊசியைத் திருகிக்கொண்டே காதைக் கொடுப்பாள். ஊசியை மூட மூட சத்தம் ஏறும், கணீரென்று பாடும். எனக்கு அந்த உச்சிச் சத்தம்தான் பிடிக்கும், அங்கேயே விடச் சொல்லிக் கெஞ்சுவேன். அத்தை கேட்க மாட்டாள். ஊசியைக் கொஞ்சம் திறந்து சத்தத்தை இறக்கிவிடுவாள்.

"பட்னி போட்டா அப்டித்தான்டி பாடும். மேல போய் மூச்சி நின்னு வுய்ந்துரும். வவுறு நெறய குடுத்துட்டு அப்பால வேல வாங்கணும்."

எல்லாவற்றையும்விட முக்கியமானது, பறந்து இறங்கிய பிறகு செய்கிற காரியம். எரிபொருள் குழாயைப் பிடுங்கிவிட்டு உள்ளே இருக்கும் கடைசிச் சொட்டும் எரிகிறவரை ஓடவிடுவாள். பிறகு பழைய இருமல் மருந்துக் குப்பியிலிருந்து எண்ணெய் விட்டு, கையாலேயே சுற்றி, பேரிங்குக்குள் இறங்க வைப்பாள். இதைச் செய்யாமல் ஓர் இரவு விட்டால் போதும், துரு பிடிக்க ஆரம்பித்துவிடும். அதனால் பையில் முதலில் ஏறுவது அந்தக் குப்பிதான். ரேடியோப் பெட்டியை மறந்தாலும் மறப்பாளே தவிர, குப்பியை மறந்து நான் பார்த்ததில்லை.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த காலத்தில் பெரியப்பா லீவில் வந்தார். வந்த கையோடு பெரம்பூரில் ஒரு மாப்பிள்ளையைப் பிடித்தார். ரயில்வேயில் வேலை, நல்ல குடும்பம், கோயிலுக்கு வேண்டியவர்கள். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை பெண்ணைப் பார்த்தாரோ இல்லையோ, சுவரில் மாதா படத்துக்குப் பக்கத்தில் தொங்கிய விமானத்தைப் பார்த்தார். வாயெல்லாம் பல்லாகிவிட்டது. கெட்ட மனிதர் இல்லை. சின்னப் பிள்ளைபோல எழுந்து போய் புரொப்பெல்லரைச் சுற்றிப் பார்த்தார். இது உங்களுக்குத்தான் மாப்பிள்ளை, சீரோடு சீராக அனுப்பிவிடுகிறேன் என்று பெரியப்பா அங்கேயே வாக்குக் கொடுத்துவிட்டார். அத்தை காபித் தட்டோடு நின்றிருந்தாள்.

மாப்பிள்ளை அவளைப் பார்த்து முதன்முதலாகப் பேசியது அதைப் பற்றித்தான்.

"நான் ஓட்டிகினு வரேன், நீங்க எண்ண போட்டு தொடச்சி வெச்சிருங்க. வேலைய பிரிச்சிக்கலாம், இன்னா?"

கூடம் முழுக்கச் சிரித்தது. அத்தை தட்டை அவர் முன்னால் நீட்டினாள், அவ்வளவுதான்.

அவர்கள் போனதும் வீட்டில் சண்டை வரும் என்று காத்திருந்தேன். வந்தது. ஆனால் சண்டை போட்டது அப்பா. பேரிங் மாற்றியது யார், இறக்கை கட்டியது யார் என்று அண்ணனிடம் கேட்டார். பெரியப்பா அசரவில்லை.

"இன்ஜின் யார்து? என்து. நான் வாங்கியாந்தேன், நான் குடுக்கறேன். இவளுக்கும் நாந்தானே பாத்துக் குடுக்கறேன், அத மட்டும் கேக்க மாட்டன்றீங்க?"

போலீஸ்காரருக்கே தம்ளர் நீட்டியவள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது எனக்குத் தாங்கவில்லை. அம்மாவிடம் போய், அத்தை பயந்துவிட்டாள் என்று அழுதேன். கல்யாணம் என்று வந்தால் எல்லோரும் அப்படித்தான் என்று அம்மா சொன்னாள். அதைச் சொன்ன குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு மாப்பிள்ளைக்கு விமானத்தை ஓட்டிக் காட்டுவது என்று முடிவானது. விடியற்காலையில் அத்தை வழக்கம்போல டாப்பெட் பார்த்தாள். வழக்கத்தைவிட நேரம் எடுத்துக்கொண்டாள். தகட்டை இழுப்பதும் திருகுவதும் மறுபடி இழுப்பதுமாக, திருப்தியே வராததுபோல. பிறகு பஞ்சால் இன்ஜினின் ஒவ்வொரு இடுக்கையும் துடைத்தாள். மாமியார் வீட்டுக்குப் போகிற பெண்ணைச் சிங்காரிப்பதுபோல இருந்தது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

பஸ் நிறுத்தத்தில் பையைப் பார்த்தேன். குப்பி இல்லை. நான் பதறிப்போய், ஓடிப்போய் எடுத்து வருகிறேன் என்றேன். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வுடு. இன்னிக்கு அது வேணாம்."

இன்றிலிருந்து எண்ணெய் போடுகிற வேலை மாப்பிள்ளையுடையது, அவரே போட்டுக்கொள்ளட்டும் என்று வீம்புக்கு விட்டுவிட்டாள் போல என்று நினைத்தேன். வீம்பு எனக்கும் பிடிக்கும். ஆனால் இவர்கள் சண்டையில் இன்ஜின் ஏன் துருப்பிடிக்க வேண்டும் என்று எண்ணூர் வரைக்கும் அவளோடு பேசாமல் வந்தேன்.

கடற்கரையை ஒட்டிய காத்திவாக்கத்து மீனவர்கள் எங்களுக்குப் பழக்கம். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் "ஏரோப்ளேன்க்கா வந்துச்சு" என்று இடம் விட்டார்கள். பெரியப்பா, அப்பா, மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் அம்மா என்று அன்று பெரிய கூட்டம். அத்தை டாங்கியை வழிய வழிய நிரப்பினாள். இன்ஜின் முதல் தட்டிலேயே கிளம்பியது. ஊசியைத் திருகி, காதைக் கொடுத்து, கொஞ்சம் திறந்து, விமானத்தின் மூக்கை வானத்தைப் பார்க்கத் தூக்கிப் பிடித்துச் சோதித்தாள். சத்தம் பிசகவே இல்லை. மாப்பிள்ளை ரேடியோப் பெட்டிக்குக் கையை நீட்டினார்.

"ஒரு சுத்து சுத்திட்டு குடுக்கறேன்" என்றாள் அத்தை.

அன்று பறந்ததுபோல அது என்றைக்கும் பறந்ததில்லை. மணலை ஒட்டி வந்து எங்கள் தலைக்கு மேலே ஏறியது. அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிப் பக்கம் சாய்ந்து திரும்பியது. வலைக்காரர்கள் வேலையை விட்டு எழுந்து நின்றார்கள். மாப்பிள்ளையின் அம்மாகூடக் கை தட்டினார். அத்தை சிரிக்கவில்லை, கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு விமானம் கடல் பக்கம் திரும்பியது. அலை விழுகிற இடத்தைத் தாண்டி அவள் எப்போதும் விட்டதில்லை. அன்று அதைத் தாண்டியது, நங்கூரம் போட்டிருந்த போட்டுகளையும் தாண்டியது. காக்கை அளவு ஆனது, ஈ அளவு ஆனது.

அப்போதுதான் ரேடியோப் பெட்டியை மாப்பிள்ளை கையில் வைத்தாள்.

"இந்தாங்க. இனிமே நீங்க ஓட்டுங்க."

அவர் வாங்கிக்கொண்டார். பெட்டியில் இருந்த இரண்டு குச்சியையும் இப்படியும் அப்படியும் ஆட்டினார். அது வருகிறதா போகிறதா என்றே அவருக்குத் தெரியவில்லை. "எங்க கீது? எங்க கீது?" என்று எங்கள் ஒவ்வொருவரிடமும் கேட்டார். சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது, ஒரு இருமல்கூட இல்லாமல். பிறகு அதுவும் அலைக்குள் கலந்துவிட்டது.

வலைக்காரர் ஒருவர் கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு போய்த் தேடட்டுமா என்று கேட்டார். வேணாம்ணா என்றாள் அத்தை. மாப்பிள்ளைக்கு முகம் வியர்த்துக் கொட்டியது. பெரியப்பா சமாளிக்கப் பார்த்தார். போனால் போகட்டும், ஜப்பானில் இன்னொன்று வாங்கலாம், கல்யாண வேலையைப் பார்ப்போம் என்றார். அத்தை அத்தனை பேர் முன்னாலும், பூசையில் வாசகம் படிக்கிற குரலில் சொன்னாள்:

"ஒரு இன்ஜின கையில குடுத்தா கர சேக்கத் தெரியல. இவர நம்பி என்னிய இன்னான்னு குடுப்பீங்க அண்ணே?"

வலைக்காரப் பெண்கள் பக்கத்திலிருந்து முதலில் ஒரு சிரிப்பு வந்தது, பிறகு பல சிரிப்பு. மாப்பிள்ளையின் அம்மா மகன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். பெரம்பூரிலிருந்து அப்புறம் யாரும் வரவில்லை. பெரியப்பா லீவு முடியும் முன்பே கப்பலுக்குப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்தால், ஜன்னல் திட்டில் இருமல் மருந்துக் குப்பி நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மாப்பிள்ளையை எனக்குத் தெரிந்த அத்தனை வார்த்தையிலும் திட்டினேன், அம்மாவுக்கு இதெல்லாம் இவள் எங்கே கற்றாள் என்று திகைப்பு. அத்தை சுவரில் காலியாக இருந்த ஆணியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் கண் சிவந்திருந்தது.

"அவர இன்னாத்துக்குடி திட்ற? பாவம் அந்தாளு" என்றாள்.

இன்ஜினைக் கடலில் போட்டவனுக்கு இவள் எதற்கு இரக்கப்படுகிறாள் என்று எனக்கு இன்னும் கோபம் வந்தது. அந்தப் பெரம்பூர்க்காரர்தான் எங்கள் விமானத்தை மூழ்கடித்தார் என்று கேட்டவர்களிடமெல்லாம் பல வருஷம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். யாரும் என்னைத் திருத்தவில்லை. அத்தையும் திருத்தவில்லை. அன்றைக்குப் பஸ் நிறுத்தத்தில் அவள் என் கையைப் பிடித்தபோதே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், எனக்குத்தான் கேட்கவில்லை. திரும்பி வரப்போகிற இன்ஜினுக்குத்தான் எண்ணெய் வேண்டும்.